வலது பக்கத்துச் சிம்பல்

பெய்ரூத்தை ஒட்டிய புர்ஜ் ஹம்மூதில் மனூக் வீடு எது என்று கேட்டால் இரண்டு வகை ஆட்கள் வழி சொல்வார்கள். ஒரு வகை, பல் போனவர்கள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் இழைத்துக் கொடுப்பதுதான் மனூக்கின் தொழில். இன்னொரு வகை, தாடி நரைத்த பிறகும் கறுப்பு டீ-ஷர்ட்டை விடாத ஹெவி மெட்டல் பைத்தியங்கள். அவர்களுக்கு மனூக் என்றால் காது. "மனூக் கேட்டாச்சா?" என்று விசாரிக்காமல் பெய்ரூத்தில் ஒருத்தன் பழைய ஆல்பத்தின் புதுப் பதிப்பை வாங்க மாட்டான். அம்மானிலும் கெய்ரோவிலும்கூட அவர் இணையத்தில் எழுதும் நாலு வரிக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

இந்தப் புதுப் பதிப்பு வியாபாரம் ஒரு தனிக் கூத்து. முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த ஆல்பத்தைத் தூசி தட்டி, ஒலியைத் திருத்தி, ரீமாஸ்டர் என்று அட்டையில் போட்டு மறுபடி விற்பார்கள். ஏற்கெனவே மூன்று பதிப்பு வைத்திருக்கிறவனே நாலாவதையும் வாங்குவான். பல சமயம் திருத்தம் என்பது சத்தத்தைக் கூட்டி வைப்பதோடு சரி. உப்பு தூக்கலான குழம்பு முதல் வாய்க்கு ருசிக்கிற மாதிரி, சத்தம் தூக்கலான இசைத்தட்டு முதல் பாட்டுக்கு ருசிக்கும். நாலாவது பாட்டில் தலையை வலிக்கும். எது திருத்தம், எது ஏமாற்று என்று பிரித்துச் சொல்லத்தான் மனூக் இருந்தார்.

அதற்கு அவர் வீட்டில் சட்டதிட்டங்கள் உண்டு. சனிக்கிழமை மதியம், அரசு மின்சாரம் வருகிற இரண்டு மணி நேரத்தில்தான் கேட்க வேண்டும். தெரு ஜெனரேட்டர் கரண்டில் ஓர் இரைச்சல் இருக்கிறது, அது கிட்டாருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பார். முதலில் இரண்டு பதிப்பின் சத்தத்தையும் அளந்து சமமாக்க வேண்டும். ஒருவர் படுக்கை விரிப்பைக் கட்டி அதன் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போடுவார். எது எந்தப் பதிப்பு என்று மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டார். ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இறைச்சி தடவிச் சுட்ட லஹ்மஜூன் ரொட்டியைச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். பேச்சு அப்புறம்தான். அதிலும் மனூக் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார். முன்னாலேயே திறந்தால் மற்ற இரண்டு பேரும் தங்கள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிடுவார்கள். ஹெட்போனை அவர் வீட்டுக்குள் விடுவதில்லை. தலைக்குள் கச்சேரி வைத்துக்கொள்கிறவர்கள் மேல் அவருக்கு இளக்காரம். அந்த இளக்காரம் இல்லாமலிருந்தால் விஷயம் முதல் மாதமே வெளிப்பட்டிருக்கும்.

அந்த மற்ற இரண்டு பேர் நிஷானும் இலியாஸும். நிஷானுக்குக் கடைத்தெருவில் தோல்பை விற்கிற கடை. இலியாஸ் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. தொண்ணூறுகளில் நீள முடிக்காகவும் கறுப்புச் சட்டைக்காகவும் போலீஸ் பையன்களை அள்ளிக்கொண்டு போனபோது மூவரும் ஒன்றாக உள்ளே போய் மொட்டைத் தலையோடு ஒன்றாக வெளியே வந்தவர்கள். "சாத்தானைக் கும்பிடுறியாடா?" என்று கேட்டு மனூக்கின் நாற்பது கேசட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவை திரும்பி வரவேயில்லை. இரண்டு வருஷம் அந்த நாற்பதையும் அவர் மனசுக்குள்ளேயே ஓட்டிக் கேட்டார். காது கூர் தீட்டப்பட்டது அப்போதுதான் என்று சொல்வார். கொஞ்சம் அளப்புதான், ஆனாலும் பொய்யில்லை.

போன மார்ச் மாதம் 'இரும்பு மாதுளை' வந்து சேர்ந்தது. வாலிபத்தில் நிஷான் டிரம்ஸையும் அதோடு நிற்கும் சிம்பல் என்ற உலோகத் தாளத்தையும் வாசித்த குழு அது. ஒரு நிலவறை ஸ்டுடியோவில் ஒரே ஓர் ஆல்பம் பதிந்து, முந்நூறு கேசட் விற்று, கலைந்து போனது. அந்த ஆல்பத்தின் மூல நாடா இப்போது ஓர் அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்திருந்தது. கின்வா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண் அதை ரீமாஸ்டர் செய்தாள். ஐந்நூறு இசைத்தட்டு அச்சாகப் போகிறது. நிஷான் இந்த உலகத்தில் விட்டுப்போகிற ஒரே சத்தம் அதுதான். கின்வா தன் மாதிரியை முதலில் அனுப்பியது மனூக்குக்கு.

மனூக் கேட்டார். வழக்கம்போல நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு இணையத்தில் எழுதினார்: "கிட்டார் பிரமாதம். ஆனால் நிஷானின் வலது பக்கத்துச் சிம்பல் எங்கே போயிற்று? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான் வரும்." இருநூறு பேர் அதற்குச் சிரித்தார்கள். கின்வா ஒரே வரிதான் பதில் எழுதினாள். "மன்னிக்கணும் உஸ்தாத், திருத்தி அனுப்புறேன்."

மூன்று வாரத்தில் இரண்டாவது மாதிரி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் இருந்த நேரத்தில், மனூக் தனியாக உட்கார்ந்து போட்டார். வலது பக்கத்துச் சிம்பல் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. என்ன பெண் இது என்று எரிச்சல் வந்தது. இருந்தாலும் மறுபடி குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடலாம் என்று எழுந்தார். அவர்களுக்குள் இதற்கு ஒரு வழி உண்டு. ஸ்பீக்கருக்குப் போகும் வலது கம்பியையும் இடது கம்பியையும் மாற்றிச் சொருக வேண்டும். குறை இடது பக்கம் தாவினால் தப்பு தட்டில் இருக்கிறது. வலதிலேயே நின்றால் தட்டின் மேல் பழியில்லை.

மாற்றிச் சொருகினார். குறை வலதிலேயே நின்றது.

சரி, ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று இரண்டு பெட்டிகளையும் மூச்சிரைக்கத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். குறை வலதிலேயே நின்றது. மனைவி ஷோகிக் அந்தப் பக்கச் சுவரில் கனமான திரைச்சீலை போட்டிருந்தாள், அது ஒலியைக் குடிக்கிறது என்று அதைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தார். அப்போதும் வலதிலேயே நின்றது. மாற்றுவதற்கு அறையில் வேறொன்றும் மிச்சமில்லை. கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

சிம்பல் வந்துவிட்டது. குச்சியின் நுனி உலோகத்தில் படுவது முதற்கொண்டு எல்லாம் இடது காதில் வந்து குத்தியது. இப்போது மங்கிப் போயிருந்தது அறையின் மறு பக்கம். நாற்காலி திரும்பியபோது குறையும் கூடவே திரும்பியிருந்தது.

இடது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். பாட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. விரலை எடுத்தார், குழாய் ஓடியது. மறுபடி அடைத்தார், நின்றது. இப்படி எத்தனை தடவை செய்தார் என்று அவருக்கே தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை மற்றவர்கள் மேல் எறிந்தே பழகியவர், தானே அதற்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

நல்ல காதை வைத்து இரண்டு மாதிரிகளையும் திரும்பக் கேட்டார். முதல் மாதிரியில் ஒரு குறையும் இல்லை. சிம்பல் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தது. இரண்டாவதுதான் கூசியது. இல்லாத குறையைத் தீர்ப்பதற்காக அந்தப் பெண் நிஷானின் சிம்பலைத் தகரமாக்கி வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலை அது அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னால் சனிக்கிழமை மூவரும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும்.

"என்ன, ரெண்டு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் ஷோகிக்.

"ஒரு பல்லு சரியா அமையல."

"பல்லுக்கா இப்படி வேர்க்குது?"

அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டால் அவள் பேச்சு முழுசாக வருகிறதா என்பதைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவள் வலது பக்கம் நின்றபோது சொற்களின் ஓரம் உதிர்ந்துதான் வந்தது. எப்போதும் இப்படித்தான் இருந்ததா, இப்போது பயத்தில் இப்படிக் கேட்கிறதா என்று அவரால் நிதானிக்க முடியவில்லை. அதுதான் அவரை அதிகமாக உலுக்கியது. வாலிபத்தில் பிடித்துக்கொண்டு போனபோது பயம் கதவுக்கு வெளியே பூட்ஸ் காலோடு நின்றது. இது தலைக்குள்ளேயே குடிவந்திருந்தது, ஓடி ஒளிய இடமில்லை.

வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தார். வலது பக்கம் வந்ததும் நீண்ட நேரம் ஒன்றுமே வரவில்லை. கூண்டுக்கு வெளியே இருந்த பெண் அவரைப் பார்ப்பதும் குறிப்பதுமாக இருந்தாள். வந்திருக்குமோ, விட்டுவிட்டோமோ என்று பயந்து அவர் சும்மாவே இரண்டு தடவை அழுத்தினார். ஐம்பத்தோரு வயசில் பரீட்சையில் காப்பியடிக்கிற பையன் மாதிரி ஆகிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"பல்லு இழைக்கிற மெஷின் சத்தத்தாலயா டாக்டர்? இல்ல, துறைமுகம் வெடிச்சப்ப மூணு நாள் காது இரைஞ்சுது, அதாலயா?"

"அப்படி இருந்தா பெரும்பாலும் ரெண்டு காதும் கெட்டிருக்கும். ஒண்ணு மட்டும் இப்படிக் குறைஞ்சா நரம்பை ஒரு தடவை பார்த்துடணும். சின்னதா ஒரு கட்டி இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். புதன்கிழமை ஸ்கேன் எடுத்துடுவோம்," என்றார் டாக்டர்.

கட்டி என்ற சொல் மட்டும் இரண்டு காதிலும் தெளிவாக விழுந்தது. வீட்டுக்கு நடந்து வந்தபோது தெருவைக் கடக்கவே பயந்தார். வலது பக்கத்திலிருந்து வருகிற ஸ்கூட்டரை இனி எப்படி நம்புவது? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், சொன்னால் அவருக்கே அவமானமாக இருக்கும். புதன்கிழமை ஸ்கேனை விட அவர் சனிக்கிழமை மதியத்துக்குத்தான் அதிகம் நடுங்கினார். காது போய்விட்டால் மனூக் என்று யார் மிச்சமிருப்பார்? பல் செய்கிற ஒருத்தர் இருப்பார், புர்ஜ் ஹம்மூதில் அப்படி இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டிய கரண்ட் வரவில்லை. மூவரும் காத்திருந்தார்கள். நிஷான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி.

"முப்பது வருஷம் கழிச்சு என் பையன் முதல் தடவை கேட்கப்போறான்," என்றார். "அப்பா டப்பா அடிச்சாருன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"கேட்டதுக்கப்புறமும் அதைத்தான் நினைப்பான்," என்றார் இலியாஸ்.

மனூக்கும் சிரித்து வைத்தார். கரண்ட் வராமலே போய்விட்டால் நல்லது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டது.

இலியாஸ் சத்தத்தை அளந்து சமமாக்கிவிட்டு விரிப்புக்குப் பின்னால் போனார். முதலில் ஒரு மாதிரியைப் போட்டார், அப்புறம் இன்னொன்றை. மனூக் பாட்டைக் கேட்கவில்லை, நிஷானின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவது ஓடும்போது நிஷானின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. இரண்டாவதில் சிம்பல் வந்த இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன, தோள் சட்டென்று ஒடுங்கியது. வாசித்தவனுக்கே வலிக்கிறது என்று மனூக்குக்குத் தெரிந்தது. சீட்டில் எழுதினார்கள். லஹ்மஜூனைச் சுருட்டினார்கள்.

"ரெண்டாவது," என்று சீட்டைத் திருப்பினார் நிஷான். "சிம்பல் இப்பத்தான் பளிச்சுனு தெரியுது."

"விரிப்புக்குப் பின்னால நின்னு நானும் அதையேதான் எழுதியிருக்கேன்," என்றார் இலியாஸ்.

"உனக்குக் காது கூசலையா நிஷான்?" என்று கேட்டார் மனூக்.

"கூசுச்சு. அதுக்கென்ன? சிம்பல் பத்தலைன்னு சொன்னவனே நீதான். என் காது டிரம்ஸ் அடிச்சே செத்துப்போச்சு, அதைப் போய் யாரு நம்புவா? நீ சொல்லு, முடிச்சுடுவோம்."

இருவரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஒரு தலையாட்டல் போதும். உலகத்தில் அவரை மறுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கூசுகிறதைக் கூசுகிறது என்று தெரிந்துகொண்டே அவருக்காக ஒத்துக்கொள்கிறார்கள். ஐந்நூறு தட்டும் அப்படியே அச்சாகும், கேட்கிறவர்கள் காது வலித்தாலும் மனூக் சொல்லிவிட்டார் என்று பொறுத்துக்கொள்வார்கள், நிஷானின் பையனும் பொறுத்துக்கொள்வான். தலை கொஞ்சம் அசைந்தும்விட்டது. அவரே அதைப் பிடித்து நிறுத்தினார்.

"முதலாவதுதான் சரி," என்றார். "அந்தப் பொண்ணு தப்பே பண்ணல. என் வலது காது போச்சு."

நிஷான் சிரித்தார். "நல்ல நேரம் பார்த்து ஜோக்கடிக்கிற."

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்பியை மாற்றுவதும் பெட்டியை மாற்றுவதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். அதையெல்லாம் செய்து முடிக்காத ஒருவன் நாற்காலியைத் திருப்ப மாட்டான். நிஷானின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. இலியாஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்து?" என்றார் நிஷான்.

"தெரியல."

"தெரியலன்னா? போன வருஷம் நீ குப்பைன்னு சொன்ன தட்டை எல்லாம், என்கிட்ட இருந்ததை, நான் குப்பை விலைக்கு வித்திருக்கேன். எப்ப இருந்து மனூக்?"

"சத்தியமா தெரியலடா."

இலியாஸ் எழுந்து அலமாரியிலிருந்த நோட்டை எடுத்தார். வாத்தியார் குரலில், உணர்ச்சியில்லாமல் வாசிக்க ஆரம்பித்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபர், ஸ்வீடன் குழு: எல்லாம் தெளிவு. டிசம்பர், ஜெர்மன் பதிப்பு: வலது பக்கம் லேசாகத் திரை போட்ட மாதிரி. போன வருஷம் பிப்ரவரி, பிரேசில் பதிப்பு: வலது சிம்பல் தூங்குகிறது. மே, ஜப்பான் பதிப்பு: ஜப்பான்காரனுமா? செப்டம்பர், இங்கிலாந்து: வலது பக்கம் மறுபடியும், இவர்களுக்கெல்லாம் என்ன கேடு?

மனூக் தன் கையெழுத்தில் தன் காது செத்துக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை நாட்டு ஸ்டுடியோக்களும் ஒரே பக்கத்தில் தப்பு செய்திருந்தன. அது அவருக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பயமாக இருந்தது, அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் இல்லை.

"அந்த மே மாசத்து ஜப்பான் தட்டு," என்றார் நிஷான். "என்கிட்ட இருந்த பழைய பதிப்பையும் சேர்த்துல்ல வித்தேன்."

"தெரியும் நிஷான். நான்..."

"வாயை மூடு. டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னார். கட்டி என்ற சொல்லையும் விடவில்லை. நிஷான் தன் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "இலியாஸ், முதல்ல இருந்து வாசி. தேதியோட வாசி. டிசம்பர் எத்தனாம் தேதி? டாக்டர் கேட்டா இவனுக்குச் சொல்லத் தெரியாது. புதன்கிழமை நானும் கூட வர்றேன்."

எழுதி முடித்த பிறகு கின்வாவுக்குப் போன் செய்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேஜையில் வைத்தார் மனூக்.

"முதல் மாதிரி இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு உஸ்தாத். அழிக்க மனசு வரல."

"அதையே அச்சுக்கு அனுப்பு. அதுல ஒரு குறையும் இல்ல. எனக்கு வலது காது கேட்கல, அது தெரியாம உன் மேல எழுதிட்டேன். இன்னைக்கே இணையத்துலயும் எழுதிடறேன், காதில் பஞ்சு எனக்குத்தான்னு."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று மனூக் பயந்துபோய் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நீங்க எழுதின மறுநாளே போய் என் காதைச் சோதிச்சுக்கிட்டேன் உஸ்தாத்," என்றாள் கின்வா. "ரெண்டும் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்பவும் நான் உங்களைத்தான் நம்பினேன்."